பட்டுப்பூ ஏன் பொய்யாகத் தெரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் பட்டுப்பூவுக்கு வந்ததும் இரண்டே வரியில் கடந்துவிடுகிறார்கள். வாடாது, முன்கூட்டியே செய்து வைக்கலாம் என்பது ஒரு வரி. பார்த்தவுடனே செயற்கை என்று தெரிந்துவிடும் என்பது இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரி, பெட்டியிலிருந்து எடுத்த பூவை அப்படியே குத்தி வைத்த அலங்காரத்துக்குப் பொருந்தும். அளவெடுத்து, பூப்பூவாகத் திருத்திக் கட்டிய அலங்காரத்துக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, ஆர்டர் கொடுப்பவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இந்த வேலையே செய்துவரும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். பட்டுப்பூ என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பட்டே கிடையாது, பாலியெஸ்டர் துணிதான். அதோடு லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பூச்சு கொடுத்த பூக்கள் உண்டு. தொட்டால் நிஜ இதழ் போல் குளிர்ச்சியாக இருக்கும். ஃபோம் ரோஜாக்கள் இன்னொரு வகை. இவை மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. துணிப்பூவை ஆவி காட்டி வளைக்கலாம். பூச்சுப் பூவுக்குச் சூடு ஆகாது. பளபளப்பு மாறி இதழ் சுருண்டுவிடும், வெயிலில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபோம் பூவில் இதழ் நரம்பே இராது. கூட்டத்தோடு கூட்டமாகத் தூரத்தில் வைக்கலாம், கையில் பிடிக்கும் பொக்கேயில் வைத்தால் விளிம்பு கிழிந்து வெள்ளை தெரியும். எனவே ஆர்டர் கொடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது எந்த வகைப் பூ, எந்த இடத்தில் வரப்போகிறது என்பதே.

அசல் பட்டில் பூ செய்வது வேறு வேலை. துணிக்கு ஜெலட்டின் அல்லது நீர்த்த பசை கொடுத்து விறைப்பாக்கி, தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் கோணல் வாட்டத்தில் இதழ்களை வெட்ட வேண்டும். நேர் இழையில் வெட்டிய இதழ் குழியாது. எப்படி அழுத்தினாலும் தட்டையாகத் திரும்பிவிடும். கிராஸில் வெட்டியது இரண்டு பக்கமும் இழுபடும் என்பதால், சூடாக்கிய உருண்டை முனைப் பித்தளைக் கருவியை மெத்தென்ற திண்டின் மேல் வைத்து அழுத்தினால் கிண்ணம் போல் குழியும். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகளிலும் இதழ் வெட்ட இரும்பு அச்சு, குழிக்க உருண்டை முனைக் கருவி என்றுதான் வேலை நடந்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை. மாறியது சாயம். 1861-இல் லண்டனில் மடில்டா ஷூரர் என்ற 19 வயதுத் தொழிலாளி, செயற்கை இலைகளுக்கு ஆர்சனிக் கலந்த பச்சைப் பொடி தூவும் வேலையில் நஞ்சேறி இறந்தார். இன்று நாங்கள் சாயத்தைப் பார்த்துப் பயப்படுவது மணமகளின் உடைக்காக. அதைப் பின்னால் சொல்கிறோம்.

வாடிக்கையாளர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே போல் வேண்டும் என்கிறார்கள். படத்தில் ஒளி தெரியாது, அளவு தெரியாது. நாங்கள் கேட்பது வேறு விவரங்கள்: மண்டபத்தில் என்ன விளக்கு, மேடைக்கும் முதல் வரிசைக்கும் எத்தனை மீட்டர், மேசையின் விட்டம் என்ன, மணமகளின் உயரம் என்ன, உடைத்துணியில் விரலளவு ஒரு துண்டு கிடைக்குமா. இந்தத் துண்டு மிக முக்கியம். வெள்ளை என்று வாயால் சொன்னால் பால் வெள்ளை, தந்த வெள்ளை, நீலம் கலந்த பளீர் வெள்ளை என்று மூன்றாக வந்து நிற்கும். பளீர் வெள்ளைப் பாலியெஸ்டரில் ஒளிர்வூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். புற ஊதா கலந்த மேடை விளக்கு பட்டால் அது நீலமாக ஒளிரும், பக்கத்தில் இருக்கும் தந்த நிற உடை அழுக்கேறியது போல் தெரியும். புகைப்படம் வந்த பிறகு இதற்கு வைத்தியமே கிடையாது.

விளக்கின் நிறமும் பூவின் நிறத்தை மாற்றும். 2700 முதல் 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையுள்ள மஞ்சள் விளக்கில் சிவப்பும் பீச் நிறமும் எடுப்பாக நிற்கும். நீலமும் இளம் ஊதாவும் சாம்பல் பூத்துப் போகும். பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிந்த ரிப்பனும் ரோஜாவும் எல்.இ.டி. வெளிச்சத்தில் இரண்டு நிறமாகப் பிரிவது தினசரி நடக்கிற சங்கதி, ஏனென்றால் அவற்றின் சாயக் கலவை வேறு. ஆகவே மாதிரிக்கு ஒரு கொத்து செய்து, விழா நடக்கும் இடத்திலேயே, விழா நடக்கும் நேரத்து வெளிச்சத்தில் பார்த்து ஒப்புதல் தருவதே சரி. கடை வெளிச்சத்தில் தரும் ஒப்புதல் செல்லாது என்றே சொல்வோம். ஒப்புதல் வந்ததும் முழுத் தேவையையும், அதற்கு மேல் பத்து முதல் பதினைந்து சதவீதத்தையும் ஒரே சாயத் தொகுதியிலிருந்து வாங்கிவிட வேண்டும். குறைந்துபோன பத்து ரோஜாவை அடுத்த மாதம் வாங்கினால் அதே எண், அதே பெயர், வேறு சிவப்பாக இருக்கும்.

இனி, பூ பொய்யாகத் தெரிவதன் உண்மையான காரணத்துக்கு வருவோம். செடியில் ஒரு பூ போல் இன்னொரு பூ இருப்பதில்லை. அச்சில் வந்த பூக்கள் எல்லாம் ஒரே அளவுக்கு விரிந்து, ஒரே திசை பார்த்து, நேர்க்கம்பாக நிற்கும். கண் அந்த ஒற்றுமையைத்தான் முதலில் பிடிக்கிறது, துணியை அல்ல. அதனால் வேலையில் பாதி நேரம் கட்டுவதற்கு முன்பே செலவாக வேண்டும். பெட்டியில் நசுங்கி வந்த பூவைக் கை ஸ்டீமரிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பத்திருபது நொடி ஆவி காட்டுவோம். பாலியெஸ்டர் இழை 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும், 250-ஐத் தாண்டினால்தான் உருகும். ஆவியின் சூடு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் துணிக்கு ஆபத்தில்லாமல் வடிவம் மாறும். இஸ்திரிப் பெட்டியை இதழ் மேல் வைப்பவர்கள் நரம்புக் கோடுகளை எல்லாம் மழித்துவிடுகிறார்கள். ஆவி பட்ட இதழை ஆறும்வரை விரலில் பிடித்திருக்க வேண்டும். சூட்டோடு விட்டால் பழைய வடிவத்துக்கே போய்விடும். கையுறை அவசியம்.

பத்து ரோஜாவில் மூன்றை நன்றாக விரிப்போம், ஐந்தைப் பாதி, இரண்டை மொக்குக்குப் பக்கமாக இறுக்குவோம். வெளி இதழ்களின் விளிம்பைப் பென்சிலில் சுருட்டிப் பின்பக்கம் மடக்குவோம். சிலவற்றில் உள்ளிதழ் இரண்டைப் பிடுங்கி எறிந்துவிடலாம். நடுவில் பிளாஸ்டிக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் அதை மறைக்கும் வகையில் இதழை உள்நோக்கி ஒட்ட வேண்டும். வெட்டு விளிம்பில் தொங்கும் நூல்களைக் கூரான சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். தீக்குச்சி காட்டிப் பொசுக்குவது குறுக்கு வழி, விளிம்பு கறுத்து முடிச்சு விழும். காம்பின் இரு பக்கமும் ஓடும் அச்சுக்கோடு, தெரியும் இடமானால், டேப் சுற்றி மறைக்கப்பட வேண்டும். எடை உள்ள பூவின் காம்பை மேலே லேசாக வளைத்துத் தலை சாய்ந்தாற்போல் வைத்தால் அரைவாசிப் பொய் அங்கேயே போய்விடும். ஒரே சிவப்பில் முப்பது பூ வைப்பதைவிட, அடுத்தடுத்த மூன்று சாயலில் பத்துப் பத்தாக வைப்பது எப்போதும் மேல். இலையில் கஞ்சத்தனம் கூடாது. பூவைவிட இலையே முதலில் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் பளபளப்புள்ள இலை ஒன்று இருந்தால் போதும், மொத்தமும் கெட்டது. இரண்டு மூன்று வகை மங்கலான பச்சைகளைக் கலந்து, சில இலைகளின் பின்புறமும் தெரியும்படி திருப்பி வையுங்கள்.

திருமண நாளில் அதிகமாக நடக்கும் விபத்து எதுவென்று எங்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தலை கழன்று விழுவது. துணிப்பூவின் தலை, காம்பின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் முளையில் வெறுமனே செருகப்பட்டிருக்கும். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தலையையும் ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கி, முளையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, திரும்ப அழுத்த வேண்டும். பூவுக்கு அரை நிமிட வேலை. இதைச் செய்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, மாதிரிக் கொத்தைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உதறிப் பாருங்கள். சங்கடப்படாதீர்கள், ஒழுங்காகக் கட்டியவர் சிரிப்பார்.

காம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கும். கத்தரியால் வெட்டினால் கத்தரியும் போகும், மணிக்கட்டும் போகும்; கட்டிங் பிளேயர்தான் சரி. காம்பு நீளம் போதாவிட்டால் ஒட்டுக்கம்பி கொடுக்கிறோம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெரிய பூவைத் தாங்க 18 கேஜ், இலைக்கும் சின்ன மொக்குக்கும் 24 அல்லது 26. பழைய காம்போடு குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் சேர்த்து வைத்துச் சுற்றாவிட்டால் பூ தன் எடையிலேயே சுழலும். ஃபுளோரல் டேப் மெழுகு தோய்த்த தாள். சும்மா சுற்றினால் ஒட்டாது. இழுத்தால்தான் மெழுகு வெளிவந்து பிடிக்கும். இழுத்துக்கொண்டே சாய்வாக இறக்க வேண்டும். டேப் அவிழ்கிறது என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அதை இழுக்காமல் சுற்றியவர்கள்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. க்ளூ கன் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதுதான் தொல்லை. ஹாட் க்ளூ ஆறியதும் கல் போல் நிற்பதால் நிரந்தரம் என்று நினைத்துவிடுகிறோம். 60 டிகிரியை நெருங்கும்போதே அதன் பிடி தளர ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூடு சாதாரணமாக வரும். பட்டறையில் அசையாமல் இருந்த மேடைப் பூ வளைவு, வண்டியிலிருந்து இறக்கும்போது பாதி உதிர்ந்திருப்பதன் மர்மம் இதுதான். எடை தாங்கும் எந்த இணைப்பும் கம்பியாலோ ஜிப் டையாலோ கட்டப்பட வேண்டும். பசை அதன் மேல் ஒரு துணைப் பிடிமானம் மட்டும். தெர்மோகோலில் 190 டிகிரிவாக்கில் பாயும் உயர்சூட்டுத் துப்பாக்கியை வைத்தால் குழி உருகி, காம்பு ஆடும். 120 டிகிரிவாக்கில் வேலை செய்யும் தாழ்சூட்டுத் துப்பாக்கியே அதற்கு. அதே தெர்மோகோலுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைப்பான் அதைத் தின்றுவிடும். நீரில் கரையும் பெயின்ட் பூசுங்கள். தனி இதழ் ஒட்டக் குளிர்ப்பசை நல்லது, சிலந்தி நூல் இழுக்காது. ஹாட் க்ளூவின் அந்த நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து ஃபிளாஷ் அடித்ததும் மின்னும். கட்டி முடித்த பிறகு ஹேர் டிரையரை லேசான சூட்டில் காட்டினால் அவை சுருங்கிக் காணாமல் போகும். பூச்சுப் பூவுக்கு மட்டும் இதைச் செய்யாமல் கையாலேயே பொறுக்கி எடுங்கள்.

காம்புகளைக் குத்தி நிறுத்தும் அடி ஃபோமிலும் தவறு நடக்கிறது. தண்ணீர் உறிஞ்சும் பச்சை ஃபோம் நிஜப் பூவுக்கானது. அதில் கம்பிக் காம்பைக் குத்தினால் பொடியாக உதிரும், பூ சுழன்றுகொண்டே இருக்கும். செயற்கைப் பூவுக்கென்று உள்ள கெட்டியான உலர் ஃபோம்தான் வேண்டும், காம்பு அதனுள் நான்கு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். உயரமான கண்ணாடிக் குடுவை கவிழாமலிருக்க அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுவார்கள். அது இறுகும்போது சூடாகும், சற்று விரியும். நேராகக் கண்ணாடியில் ஊற்றினால் கீறல் விழலாம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்து, சுற்றிலும் மெல்லிய ஃபோம் கொடுத்து அதில் ஊற்றுங்கள். துணிப்பூ கனமில்லாதது, ஈரப் பூவும் தண்ணீரும் தரும் அடிக்கனம் இங்கே இல்லை என்பதை மறந்தால் மின்விசிறிக் காற்றே குடுவையைத் தள்ளிவிடும்.

எத்தனை பூ வேண்டும் என்ற கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்வதால்தான் கடைசி நேரத்தில் இடைவெளிகள் பல்லிளிக்கின்றன. கணக்கு எளிது. எட்டு சென்டிமீட்டர் அகல ரோஜா ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டரை மூடும். பதினைந்து சென்டிமீட்டர் ஹைட்ரேஞ்சியா, அதாவது பந்து போன்ற பூங்கொத்து, சுமார் 175. இருபுறமும் 2.2 மீட்டர் உயரம், மேலே 2 மீட்டர் அகலம் உள்ள ஒரு வளைவின் மொத்த ஓட்டம் 6.4 மீட்டர். பட்டையின் அகலம் 35 சென்டிமீட்டர் என்றால் மூட வேண்டிய பரப்பு 22,400 சதுர சென்டிமீட்டர். பாதியை இலை மூடட்டும். மீதி 11,200-இல் 30 ஹைட்ரேஞ்சியா 5,250-ஐ எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஆறாயிரத்துக்குச் சுமார் 120 ரோஜா. இது முன்பக்கத்துக்கு மட்டும். பின்னாலிருந்தும் படம் எடுப்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள், எடுப்பார்கள் என்றால் பின்புறத்துக்குக் குறைந்தபட்சம் இலையாவது போட வேண்டும். பொருளைக் குறைக்க வேண்டுமானால் முழு வளைவிலும் மெலிதாகத் தூவுவதைவிட, ஒரு மேல் மூலையிலும் எதிர்க் கீழ் மூலையிலும் அடர்த்தியாகக் கட்டி நடுவை வெறுமையாக விடுவது பார்க்க நன்றாக இருக்கும்.

மணமகள் கையில் பிடிக்கும் பொக்கே 28 சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் குவிவும் உள்ளதென்றால், மேற்பரப்பு சுமார் 930 சதுர சென்டிமீட்டர். பன்னிரண்டு பெரிய ரோஜா, எட்டு அரைவிரிந்த சின்னப் பூ, மீதிக்கு இலையும் நிரப்புப் பூவும். கட்டும்போது காம்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்துச் சுழற்சியாகச் சேர்க்க வேண்டும். நேராக அடுக்கினால் விளக்குமாறு போல் நிற்கும். அத்தனை கம்பியும் ஒரே உயரத்தில் முடிந்தால் கைப்பிடி உலக்கைத் தடிமன் ஆகிவிடும், எனவே உள்காம்புகளைப் படிப்படியாகக் குட்டையாக வெட்டுங்கள். கைப்பிடி இரண்டு கைப்பிடி அளவு நீளம், அதாவது பதினைந்து சென்டிமீட்டர்வாக்கில் போதும். கம்பி முனைகளை டேப்பால் மூடி, பஞ்சு வைத்து, அதன் மேல் சாட்டின் ரிப்பன். ரிப்பன் ஊசியை மேல்நோக்கிச் சாய்த்துக் காம்புக்குள்ளே குத்த வேண்டும். குறுக்காகக் குத்தினால் மறுபுறம் உள்ளங்கையில் வரும்.

மேசைப் பூவுக்கு ஒரே விதி: எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிய வேண்டும். மேசை மட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அடங்கட்டும், அல்லது மெல்லிய தண்டின் மேல் 60-ஐத் தாண்டி நிற்கட்டும். இடைப்பட்டது யாருக்கும் பிடிக்காது. கோட்டில் குத்தும் சின்னப் பூ நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போனால் துணியை இழுத்துக்கொண்டு தலைகுப்புறத் தொங்கும். காந்தப் பிடி வசதிதான், ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது, ஊசிதான்.

சாயம் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். அடர் சிவப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகிய மூன்றும் சந்தேகத்துக்குரியவை. வெள்ளைத் துணியை நனைத்து இதழின் மேல் அரை நிமிடம் அழுத்தி, பிறகு தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தப் பூ உடைக்கு அருகே வரக்கூடாது. தண்ணீரில் தேறிய பூவும் வாசனைத் திரவியத்தில் தோற்கலாம். அதில் உள்ள ஆல்கஹால் சில சாயங்களைக் கரைக்கும். பட்டுப்பூவுக்கு மணமில்லையே என்று கடைசி நிமிடத்தில் யாராவது சென்ட் அடிப்பது தவிர்க்க முடியாதது என்பதால், சோதனையை ஆல்கஹாலிலும் ஒருமுறை செய்துவிடுகிறோம். நிஜ இலைகளோடு துணிப்பூவைக் கலந்து கட்டுகிறவர்கள், ஈரக் காம்புகளைத் தனித் தண்ணீர்க் குழாய்களில் அடைத்துக் கீழே வையுங்கள். ஈரம் மேலிருந்து இறங்கினால் வெளிர் நிறப் பூவில் பழுப்புக் கறை நிற்கும்.

நெருப்பைப் பற்றிச் சலுகையே கிடையாது. பாலியெஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டு விழுந்த இடமும் பற்றும். திறந்த சுடருக்குப் பக்கத்தில் வைக்கும் அலங்காரத்தில் சுடரைவிட உயரமான கண்ணாடிக் கூண்டு இல்லாமல் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். கூண்டின் வாய்க்கு மேலேயும் பூ வரக்கூடாது, சூடு அங்கேதான் அதிகம். தீ தடுக்கும் ஸ்ப்ரே அடித்திருக்கிறோம் என்று சொன்னால், எப்போது அடித்தது, அதன் பிறகு பூவைக் கழுவினார்களா என்று கேளுங்கள். பல ஸ்ப்ரேக்கள் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

இத்தனையும் செய்ய எட்டு வாரமாவது வேண்டும்: இரண்டு வாரம் துணித்துண்டுக்கும் மாதிரிக்கும், மூன்று வாரம் பொருள் வந்து சேர, மீதி திருத்தவும் கட்டவும். பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் முடித்துத்தான் தருவார், பெட்டியில் வந்த பூவாக.

விழா முடிந்த பிறகு பூவைப் பாலிதீன் பைக்குள் திணித்துப் பரணில் போடுகிறவர்கள், அடுத்த முறை எடுக்கும்போது வாடாத பூ வாடிவிட்டதே என்று எங்களிடம் வருகிறார்கள். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துத் தூசியை ஊதிவிட்டு, வெயில் படாத, சூடேறாத இடத்தில் அட்டைப்பெட்டியில் வையுங்கள். பூச்சுப் பூக்களை ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம்; ஆசிரியர் மன்னிக்க வேண்டும், மை ஏறிவிடும்.

இப்படிக்கு,
திருமணப் பட்டுப்பூ அலங்கார வேலையில் உள்ள சிலர்